சூரிய உதயம் பார்க்க மலையேறப் போகிறீர்களா? முதலில் அந்த இரவைப் பற்றிப் பேசுவோம்

பாலிக்குப் போகிறவர்களின் பயணத் திட்டத்தில் பாத்தூர் மலையின் சூரிய உதயம் இப்போதெல்லாம் தவறாமல் இருக்கிறது. ஆனால் கிளம்பும் முன் என்னைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது வாந்திக்கு மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு மாத்திரை, கொசுவுக்கு ஏதாவது பூசிக்கொள்ள. "மலை ஏதாவது ஏறப் போறீங்களா?" என்று நானாகக் கேட்டால்தான் அந்தப் பேச்சே வருகிறது. "ஆமா டாக்டர், சின்ன மலைதான். ரெண்டு மணி நேரம்தானாம், கைடு கூட வருவாராம்."

மலை சின்னதுதான். பாத்தூரின் உயரம் 1,717 மீட்டர். நடை தொடங்கும் தோயா புங்கா ஏரிக்கரையே ஆயிரம் மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருப்பதால், காலால் ஏறுவது 700 மீட்டருக்குள்தான் வரும். உயர மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும் என்பதால் இங்கே அந்தப் பயம் வேண்டாம். என் கவலை உயரத்தைப் பற்றியது இல்லை, நேரத்தைப் பற்றியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். உபுட் பக்கம் தங்கியிருந்தால் இரவு 2 மணி வாக்கில் வண்டி வரும். கடற்கரைப் பக்கம் என்றால் இன்னும் முன்னதாகவே வரும். 4 மணிக்கு நடக்கத் தொடங்கி, 6 மணிக்கு உச்சியில் இருக்க வேண்டும். பாலி நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே போய் இறங்கி ஓரிரு நாளே ஆனவருக்கு 4 மணி என்பது அவருடைய உடம்புக்கு நள்ளிரவு ஒன்றரை மணி. உடல் வெப்பமும் விழிப்பும் தாழ்ந்து, உடம்பு தூங்கக் காத்திருக்கும் வேளை. தூங்காமல், சாப்பிடாமல், வளைந்து வளைந்து போகும் கிந்தாமணி மலைச்சாலையில் குலுங்கிவிட்டு, இருட்டில் செங்குத்தான எரிமலைச் சரிவில் ஏறச் சொல்கிறோம். சூரிய உதயம் என்று பெயர் இருந்தாலும் நீங்கள் பதிவு செய்திருப்பது ஓர் இரவு மலையேற்றம். அதற்குத்தான் தயாராக வேண்டும்.

இதில் அதிகம் சிக்கலில் மாட்டுகிறவர்கள் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள். என்னிடம் வரும் ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், நடைப்பயிற்சி தவறாதவர், பாலியில் நடந்ததைத் திரும்பி வந்து சொன்னார். அவருடைய சீட்டில் "காலை, சாப்பாட்டுக்கு முன்" என்று சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரை எழுதியிருந்தது. நல்ல பிள்ளையாக ஒன்றரை மணிக்கு எழுந்தவுடன் அதைப் போட்டுக்கொண்டார். சாப்பாடு உச்சியில்தான் தருவார்கள் என்று வெறும் வயிற்றோடு ஏறினார். பாதி வழியில் நன்றாக வியர்த்தது. ஏறினால் வியர்க்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டார். கை நடுங்கியது. குளிர் என்று நினைத்தார். அப்புறம் முன்னால் போகிறவரின் விளக்கு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. கூட வந்த வழிகாட்டி இவருடைய நடை தடுமாறுவதைப் பார்த்து உட்கார வைத்து, பிளாஸ்கில் இருந்த இனிப்புத் தேநீரைக் கொடுத்து, கால் மணி நேரம் நகர விடவில்லை. அதனால் தப்பித்தார்.

அவருக்கு வந்தது தாழ்சர்க்கரை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை அளவு மிகவும் குறைந்துபோவது. அதன் அறிகுறிகளும் மலையேற்றத்தின் களைப்பும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் இதில் ஆபத்து. வியர்வை, படபடப்பு, நடுக்கம், எரிச்சல் எல்லாம் இரண்டிலும் உண்டு. பகலாக இருந்தால் முகம் வெளிறியதைப் பக்கத்தில் இருப்பவர் கவனிப்பார். இருட்டில் அதுவும் போச்சு. ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும்கூடத் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும்.

ஆகவே, "காலை மாத்திரை" என்பதைக் கடிகாரத்தோடு இல்லாமல் சாப்பாட்டோடு சேர்த்துப் புரிந்துகொள்ளுங்கள். இந்த வகை மாத்திரை எடுப்பவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்வது, அதை இறங்கி வந்து காலை உணவு சாப்பிடும்போது போடுங்கள் என்பதுதான். இன்சுலின் போடுபவர்களுக்கு முந்தைய இரவு அளவையே குறைக்க வேண்டியிருக்கலாம். அது ஆளுக்கு ஆள் மாறும், உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். டாபாகுளிஃப்ளோசின், எம்பாகுளிஃப்ளோசின் எடுப்பவர்களும் கேட்டுவிட்டே போங்கள். பட்டினியோடும் நீர் வற்றுதலோடும் அவை ஒத்துப்போகாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது அரிது.

வண்டியிலிருந்து இறங்கும் முன் ஒரு முறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100க்குக் (mg/dL கணக்கில்) கீழே இருந்தால் ஏதாவது சாப்பிடாமல் அடி எடுத்து வைக்காதீர்கள். 250ஐத் தாண்டி, உடம்பும் சரியில்லை என்றால் ஏறவே வேண்டாம். சர்க்கரையோ குளுக்கோஸ் மாவோ சட்டைப் பையில் இருக்கட்டும், முதுகுப் பையின் அடியில் இல்லை. வழியில் சந்தேகம் வந்தால் நின்று பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, 15 நிமிட ஓய்வு, மறுபடி சோதனை. அப்போதும் அளவு கூடவில்லை என்றால் இன்னொரு முறை. சோதிக்க முடியாத இடத்தில் சந்தேகம் வந்தாலும் சர்க்கரையைச் சாப்பிட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. இறங்கியதும் ஏரிக்கரையில் வெந்நீர் ஊற்றில் குளிக்க அழைத்துப் போவார்கள். களைத்த காலுக்கு அருமையாக இருக்கும். ஆனால் சூட்டில் ரத்த நாளங்கள் விரியும். தோலடியில் போட்ட இன்சுலின் வேகமாக ரத்தத்தில் கலக்கும். நடந்து காலியான தசைகள் அதே நேரத்தில் சர்க்கரையை உறிஞ்சிக்கொண்டிருக்கும், அது அன்று இரவு வரைகூடத் தொடரும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர் நீர் வற்றிய உடம்போடு வெந்நீரில் கிடந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டி விழலாம். முதலில் சாப்பாடு, தண்ணீர், அப்புறம் சிறிது நேரம் குளியல், எழும்போது மெதுவாக. இந்த வரிசை மாறக் கூடாது.

சாலை வளைவுகளுக்குப் பயந்து வாந்தி மாத்திரை போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைக்கும், நிதானத்தைக் குறைக்கும். 2 மணிக்கு முழு மாத்திரை போட்டு 4 மணிக்குச் சரளைக்கல் பாதையில் நடப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அது இல்லாமல் முடியாது என்பவர்கள் முன்பே வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்து, எவ்வளவு அசத்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன் இருக்கையில் உட்கார்ந்தாலே சிலருக்கு மாத்திரை தேவைப்படாமல் போகலாம். முந்தைய இரவு மதுவும் வேண்டாம்.

ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் இந்தப் பத்தியைக் கண்டிப்பாகப் படியுங்கள். பாலியின் வடகிழக்கில் துலாம்பென்னில் மூழ்கிய கப்பலைப் பார்க்கக் கடலுக்குள் போகிறவர்கள் ஏராளம். பகலில் டைவிங், மறுநாள் விடியலில் பாத்தூர் என்று திட்டம் போடுகிறார்கள். ஆழத்தில் இருந்தபோது உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்குள் உயரத்துக்குப் போனால், காற்றழுத்தம் குறைந்து அது குமிழியாகும். மூட்டு வலியிலிருந்து கால் செயலிழப்பது வரை போகலாம். டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் விமானப் பயணத்துக்குச் சொல்லும் இடைவெளி, ஒரு முறை மூழ்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல முறை என்றால் 18 மணி நேரம். பாத்தூரின் உயரத்துக்கும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். மலை ஏறாவிட்டாலும், துலாம்பென்னிலிருந்து கிந்தாமணி வழியாக உபுட் திரும்பும் சாலையே 1,400 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. கடலோரச் சாலையில் சுற்றிக்கொண்டு வாருங்கள். மலையை முதலில் வைத்துக்கொண்டு கடலைப் பின்னால் தள்ளினால் பிரச்சினையே இல்லை.

ஆஸ்துமா உள்ளவர்கள் ஏறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பு உறிஞ்சு மருந்தை எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த காற்றில் வேகமாக மூச்சு வாங்குவதே இழுப்பைத் தூண்டும். உச்சியில் நீராவி வெளிவரும் பிளவுகளில் வழிகாட்டிகள் முட்டை வேகவைத்துத் தருவார்கள். அதைச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கிழக்கு ஜாவாவின் ஈஜென் எரிமலைப் பள்ளத்துக்கு மட்டும், ஆஸ்துமா கட்டுக்குள் இருப்பவர்கள்கூடப் போவதை நான் ஆதரிப்பதில்லை. அங்கே கந்தகப் புகை நேரடியாக முகத்தில் அடிக்கும்.

சரி, உச்சிக்குப் போயாயிற்று. கடலோரத்தைவிட அங்கே பத்து டிகிரிக்கு மேல் குளிரும். காற்று தனி. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு அரை மணி நேரம் உட்கார்ந்தால் உடம்பு வெடவெடவென்று ஆடும். ஏறும்போது ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், பையில் வைத்திருங்கள். உச்சியில் முதல் வேலை ஈரச் சட்டையை மாற்றுவது, புகைப்படம் அப்புறம். அங்குள்ள குரங்குகள் உணவுப் பையைப் பிடுங்க வரும், விட்டுவிடுங்கள். 2008 முதல் பாலியில் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது. குரங்கோ நாயோ கடித்தால், பிறாண்டினால்கூட, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் விஷயம் இல்லை இது.

திரும்பி வந்தவர்கள் என்னிடம் காட்டும் காயங்களில் பெரும்பாலானவை இறங்கும்போது பட்டவை. ஏறும்போது மூச்சு வாங்குவதால் தானாகவே மெதுவாகப் போகிறோம். இறங்கும்போது மூச்சு சுலபமாக இருக்கும், வெளிச்சம் வந்துவிட்டது, பார்க்க வந்ததைப் பார்த்தாயிற்று, கவனம் தளர்ந்துவிடும். ஆனால் தொடைத் தசை ஒவ்வொரு அடியிலும் நீண்டுகொண்டே உடம்பின் எடையைத் தாங்கிப் பிடிக்கும் வேலை இறக்கத்தில்தான். தூங்காத, பசித்த தசை அதைச் சரியாகச் செய்யாது. பாத்தூரின் மேல்பகுதியில் கால் வைத்தால் கருஞ்சரளை உருளும். உள்பக்கமாகப் பாதம் மடங்கி, கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் கிழியும். அல்லது பின்னால் விழுந்து கையை ஊன்றி மணிக்கட்டு முறியும். அடியைச் சிறியதாக வையுங்கள், முழங்காலைச் சற்று மடக்கியே வைத்திருங்கள், உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள். அடிப்பகுதி தேயாத ஷூ வேண்டும், ஊன்றுகோல் இருந்தால் முழங்காலுக்குப் பெரிய ஆறுதல். பயணத்துக்கு நான்கைந்து வாரம் முன்பிருந்தே மாடிப்படி இறங்கிப் பழகுங்கள். பலரும் படி ஏறுவதைப் பயிற்சியாகச் செய்துவிட்டு லிப்டில் இறங்குகிறார்கள். தேவை அதற்கு நேர்மாறு.

வழிகாட்டியைப் பற்றி. பாத்தூரில் உள்ளூர் வழிகாட்டியோடுதான் ஏற வேண்டும் என்பது நடைமுறை. அந்த மலையில் வளர்ந்தவர்கள் அவர்கள், எந்தக் கல் உருளும் என்று தெரியும். ஆனால் உங்கள் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. "சொன்னால் ஏற விடமாட்டாங்களோ" என்று மறைக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நடக்கும் முன் நேராகச் சொல்லுங்கள்: எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, குளுக்கோஸ் இந்தப் பையில் இருக்கிறது, நான் குழறிப் பேசினால் அதை வாயில் போடுங்கள். "பெலான் பெலான்" என்றால் மெதுவாக என்று அவர்களுக்குப் புரியும். ஏறிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள், முடியவில்லை என்றால் வேகம் அதிகம். குழுவில் பத்துப் பேர் இருந்து வழிகாட்டி ஒருவர்தான் என்றால், பின்தங்கும் ஒருவர் இருட்டில் தனியாகிவிடுவார். பதிவு செய்யும்போதே கேளுங்கள்: ஒருவர் பாதியில் திரும்ப வேண்டும் என்றால் அவரோடு யார் இறங்குவார்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

பக்கத்துத் தீவான லோம்போக்கின் ரிஞ்சானி மலையை இதோடு சேர்த்துப் பேசக் கூடாது. 3,726 மீட்டர், குறைந்தது இரண்டு நாள், அங்கே உயர மலை நோயும் உண்டு. 2025 ஜூனில் அங்கே சரிவில் விழுந்த ஒரு வெளிநாட்டுப் பயணியை மீட்புக் குழு அடைவதற்கே சில நாட்கள் ஆயின, அவர் உயிரோடு மீளவில்லை. மலையேற்றமே பழகாதவர்கள் விடுமுறையில் சேர்த்துக்கொள்ளும் மலை அது இல்லை. எந்த மலையானாலும், உங்கள் பயணக் காப்பீடு மலையேற்றத்துக்கும் மீட்புக்கும் பணம் தருமா, எத்தனை மீட்டர் வரை என்று படித்துவிட்டுப் போங்கள்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் ஏற வேண்டாம். ரத்த அழுத்தம் இயல்பாகவே உயரும் அதிகாலை வேளையில், தூங்காத இதயத்துக்கு அந்தச் சோதனை தேவையில்லை. முழங்கால் தேய்ந்தவர்களும் அப்படியே. இவர்களுக்கு நான் பெனலோகனைச் சொல்கிறேன். கிந்தாமணியில் எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில், வண்டி வாசல்வரை போகும் இடம். கீழே ஏரி, பாத்தூரின் கறுத்த எரிமலைக் குழம்புப் படிவு, எதிரே ஆபாங் மலை, அதற்குப் பின்னால் ஆகுங் மலை, எல்லாம் அங்கிருந்தே தெரியும். 4 மணிக்கு எழுந்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும். அங்கேயும் குளிரும், ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.