மலை வீட்டுச் சுவரு ஏன் பொரிஞ்சு கொட்டுது?

குன்னூர்லயோ கோத்தகிரிலயோ எந்தத் தெருவுல வேணா நின்னு பாருங்க, ஒரே வீடுதான், ஒரே சமயத்துல அடிச்ச பெயிண்டுதான், ஆனா தெற்குப் பக்கச் சுவரு பரவால்லாம இருக்கும், வடக்குப் பக்கம் மட்டும் கறுப்பும் பச்சையுமா பாசி ஏறி, கீழ ரெண்டு அடிக்கு பூச்சு பொரிஞ்சு கொட்டிட்டு இருக்கும். உடனே பெயிண்டு கம்பெனிய திட்டுவோம், இல்லன்னா கொத்தனார. முதல்ல சூரியன கவனிக்கணும். நீலகிரி இருக்கறது சுமார் 11 டிகிரி வடக்குல, அதனால ஏப்ரல் மூணாவது வாரத்துல இருந்து ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும்தான் உச்சி வெயில் கொஞ்சம் வடக்க இருந்து விழும். அந்த நாலு மாசத்துல பாதிக்கு மேல தென்மேற்குப் பருவமழை மேகம் மூடிக்கிடும். வானம் பளிச்சுன்னு இருக்கற ஜனவரி, பிப்ரவரி, மார்ச்ல பாத்தா சூரியன் தெற்குப் பக்கம் போயிடுது. ஆக வடக்குச் சுவரு வருஷம் பூரா ஒழுங்கா காயறதே இல்ல.

மலையில சுவரு கெடறதுக்கு காரணம் மழை உள்ள போறதுன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. என்னைக் கேட்டா உள்ள போறது பெரிய விஷயமே இல்ல, எந்தச் சுவத்துலயும் தண்ணி போகத்தான் செய்யும், போன தண்ணி வெளிய வர வழி இருக்கான்னுதான் பாக்கணும்.

தண்ணி உள்ள போற விதம் இதுதான். பூச்சுல கண்ணுக்குத் தெரியாத துளைங்க, தலைமுடி அளவு விரிசலுங்க நெறைய இருக்கும். துளை எவ்வளவு சின்னதோ அவ்வளவு வேகமா இல்லன்னாலும் அவ்வளவு தூரம் தண்ணிய உறிஞ்சி இழுக்கும், அதுக்குப் பேர் நுண்புழை ஏற்றம், பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். சாரல் அடிச்சு சுவத்து மேல மெல்லிசா தண்ணி வழியும்போது அந்த விரிசல் அப்படியே குடிச்சிடும். திரும்பி வரும்போது மட்டும் தண்ணியா வராது, ஆவியாத்தான் வரணும், அதுக்கு வெயில் வேணும், காத்து வேணும், மேல இருக்கற பூச்சும் பெயிண்டும் ஆவிய விடணும். பிளாஸ்டிக் ரெயின்கோட்ட போட்டுட்டு மூடுபனியில மேடு ஏறினா மழையில நனையாம வேர்வையில நனைவோம்ல, தடியான பெயிண்டு அடிச்ச சுவத்தோட நிலைமையும் அதேதான்.

பழைய வீடுங்களுக்கு இந்தப் பிரச்சனை கம்மியா இருந்துச்சு. அப்ப கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியில ஸ்டோன் ஹவுஸ்ங்கிற பங்களாவ கட்ட ஆரம்பிச்சது 1822 வாக்குல, போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின் பேட்டண்ட் வாங்கினதே 1824-லதான், அது இங்க புழக்கத்துக்கு வர இன்னும் எவ்வளவோ காலம் ஆச்சு. அதுவரைக்கும் எல்லாம் சுண்ணாம்புச் சாந்தும் மண்ணும்தான். சுண்ணாம்புக்கல்ல சுமார் 900 டிகிரில சுட்டா கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடும், மிஞ்சறது சுட்ட சுண்ணாம்பு. அதுல தண்ணி ஊத்தினா கொதிச்சு நீத்த சுண்ணாம்பு ஆகும். அத மணலோட சேத்து சுவத்துல பூசினா காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட மெதுவா இழுத்து மறுபடி கல்லாவே மாறிடும். மெதுவான்னா ரொம்ப மெதுவா, மாசத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. இன்னொரு நல்ல குணம், சின்ன விரிசல் விட்டா மழைத்தண்ணியில சுண்ணாம்பு கொஞ்சம் கரைஞ்சு அந்த விரிசல்லயே படிஞ்சு தானா அடைச்சுக்கும். ஆவியையும் நல்லா விடும்.

இப்ப அந்த மாதிரி மண்ணுலயும் சுண்ணாம்புலயும் கட்டின பழைய செங்கல் சுவத்து மேல, "சார், சிமெண்ட கொஞ்சம் தூக்கலா போட்டா கல்லு மாதிரி நிக்கும்"னு சொல்லி பூசிடறாங்க. கல்லு மாதிரிதான் நிக்கும், அதுதான் வம்பே. சிமெண்டு அதிகமான கலவை காயும்போது அதிகமா சுருங்கும், சுருங்கினா வலை போட்ட மாதிரி வெடிப்பு விடும். வெயில்ல விரியறதுலயும் சிமெண்டுப் பூச்சு செங்கல்ல விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ஊட்டியில ஜனவரில ராத்திரி உறைபனி, பகல்ல சுள்ளுன்னு வெயில், 20 டிகிரி வித்தியாசம்னு வச்சாலே 5 மீட்டர் நீளப் பூச்சு 1 மில்லிமீட்டர் நீளப் பாக்கும், உள்ள இருக்கற செங்கல் அதுல பாதிதான் நகரும். தினமும் இந்த இழுபறி நடந்தா எது பலம் கம்மியோ அது உடையும். உடையறது சுவரு.

சந்தேகமா இருந்தா கொட்டிக் கிடக்கற ஒரு சில்ல எடுத்து பின்பக்கத்த திருப்பிப் பாருங்க. செங்கல் தூளோ மண்ணோ தோல் மாதிரி ஒட்டிட்டு வந்திருந்தா பூச்சு சுவத்த விட ஸ்ட்ராங்கா போயிடுச்சுன்னு அர்த்தம். பின்பக்கம் வழவழன்னு சுத்தமா இருந்தா, பூசறதுக்கு முன்னாடி சுவத்த நனைக்காம, கொத்தி விடாம, பாசி மேலயே பூசிட்டாங்க. வெள்ளையா பஞ்சு மாதிரி இருந்தா உப்பு. தண்ணி சுவத்துக்குள்ள இருக்கற உப்ப கரைச்சு எடுத்துட்டு வந்து ஆவியாகற எடத்துல விட்டுட்டுப் போகுது, வெளிப் பக்கம் பூத்தா அசிங்கமா இருக்கும் அவ்வளவுதான், ஆனா பெயிண்டுக்குப் பின்னாடி படிகமாச்சுன்னா பூச்சையே தள்ளி விட்டுடும். அந்த உப்ப தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, மறுபடி உள்ள போயிடும், காஞ்ச பிரஷ்ஷால தட்டிப் பெருக்கி எடுங்க.

பாசி வேற சமாச்சாரம். கறுப்பா படியறதுல பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி, சில எடத்துல செங்காவி கலர்ல வெல்வெட் மாதிரி ஒண்ணு இருக்கும், துருன்னு நெனப்போம், அது டிரென்டிபோலியாங்கிற பச்சைப்பாசி, கரோட்டின் நிறமி இருக்கறதால ஆரஞ்சா தெரியுது. தண்ணி கலந்த பிளீச்சிங் போட்டுத் தேச்சா போகும், ஈரம் நிக்கற வரைக்கும் திரும்ப வரும்.

சரி, மறுபூச்சு எப்படி பூசறது? சுத்தியல் பிடியால சுவரு பூரா தட்டிப் பாருங்க, டொப்பு டொப்புன்னு சத்தம் வர்ற எடத்த எல்லாம் உரிச்சு எடுக்கணும், கெட்டியா இருக்கறத விட்டுடலாம். கல்லு இடுக்குகள அரை அங்குலம் சொரண்டி, நனைச்சு, அப்புறம் பூசணும். சிமெண்டுல கட்டின செங்கல் சுவருன்னா ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் நல்ல கலவை. மண்ணுல கட்டின பழைய சுவருன்னா சிமெண்ட தள்ளி வச்சுட்டு சுண்ணாம்புதான். எப்பவும் உள்ள இருக்கறத விட வெளிய பூசறது கொஞ்சம் பலம் கம்மியா இருக்கணும், இத கொத்தனார் ஒத்துக்க மாட்டாரு, பேசித்தான் ஆகணும். மலைய வெட்டிக் கட்டின வீடுன்னா பின் சுவத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல வாய்க்கா அடைச்சிருக்கான்னு அதுக்கும் முன்னாடி பாத்துடுங்க, அங்க இருந்து வர்ற ஓதத்துக்கு எந்தப் பூச்சும் தாங்காது.

வேலைக்கு நல்ல நேரம் பிப்ரவரி, மார்ச். அதுக்கு முன்னாடி உறைபனி, புதுப்பூச்சுல இருக்கற தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருகி பூச்ச கெடுத்துடும். அதுக்கு அப்புறம் கோடை மழை. பூசினதும் ஒரு வாரம் ஈரம் காயாம பாத்துக்கணும், அப்புறம் நாலு வாரமாவது பெயிண்டு பக்கம் போகக்கூடாது, புதுச் சிமெண்டுல காரம் அதிகம், பெயிண்ட அரிச்சுடும். காஞ்சிடுச்சான்னு தெரிஞ்சுக்க, ரெண்டு அடி பாலித்தீன் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு சுவத்துல ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க, உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா இன்னும் ஈரம் வெளிய வந்துட்டுதான் இருக்கு. இன்னும் ரெண்டு வாரம் விடுங்க, பெயிண்டரு வேற வேலைக்குப் போறேன்னு சொன்னா போயிட்டு வரட்டும்.