தள்ளிப்போடுதல்: ‘புரோக்ராஸ்டினேஷன்’ என்பதற்குச் சரியான தமிழ்ச் சொல்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளின் பேச்சில் ‘புரோக்ராஸ்டினேஷன்’ என்ற சொல் இப்போது சர்வசாதாரணம். “ஒரே புரோக்ராஸ்டினேஷன், அசைன்மென்ட் இன்னும் தொடங்கவே இல்லை” என்று தமிழ் வாக்கியத்துக்குள்ளேயே அது வந்து உட்கார்ந்துவிட்டது. இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டால் பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில் ‘சோம்பல்’. அது பொருந்தாத சொல். பொருந்தாத சொல்லைப் போட்டால் அந்தப் பிள்ளையைப் பற்றிய நம் கணிப்பும் தவறாகிவிடுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘க்ராஸ்’ என்றால் நாளை. ‘க்ராஸ்டினுஸ்’ என்றால் நாளைக்குரியது. முன்னே வரும் ‘ப்ரோ’ முன்னோக்கி என்ற பொருள் தரும். எல்லாம் சேர்ந்தால் ‘நாளைக்கு என்று முன்னே நகர்த்துவது’. ஆங்கிலத்துக்கு 16ஆம் நூற்றாண்டில் வந்த சொல் இது.

இன்றைய உளவியலில் இதன் பொருள் இன்னும் குறுகியது. கனடாவில் பணியாற்றும் ஆய்வாளர் பியர்ஸ் ஸ்டீல் 2007இல் இத்துறையின் ஆய்வுகளைத் திரட்டி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அதில் அவர் தரும் வரையறையை நம் மொழியில் இப்படிச் சொல்லலாம்: செய்ய வேண்டும் என்று தானே எண்ணிய காரியத்தை, தள்ளினால் தனக்குத்தான் கெடுதல் என்று தெரிந்திருந்தும், தானாகவே தள்ளுவது. செய்யும் எண்ணம் இருக்க வேண்டும், கெடுதல் வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும், யாரும் வற்புறுத்தாமல் தள்ள வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அது வேறு விஷயம்.

சோம்பலுக்கு இந்த எண்ணம் தேவையில்லை. சோம்பியிருப்பவர் வேலையைச் செய்யவே விரும்பாமல் இருக்கலாம், அதில் நிம்மதியாகவும் இருக்கலாம். தள்ளிப்போடும் மாணவர் நிலை அப்படியில்லை. மறுநாள் இடுபணியை (அசைன்மென்ட்டை) அனுப்ப வேண்டிய இரவில் அவர் விடுதி அறையைக் கூட்டுவார், துணி மடிப்பார், குறிப்பேட்டில் நிறம் நிறமாகக் கோடு போடுவார், புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) நண்பர்களின் சந்தேகங்களுக்கெல்லாம் பதில் எழுதுவார். கை ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த ஒரு வேலையைத் தவிர! மனத்திலோ அதே வேலைதான் உறுத்திக்கொண்டிருக்கும். இவரைப் போய்ச் சோம்பேறி என்றால் அவருக்குக் கோபம் வருவதும் நியாயம்தான்.

வள்ளுவர் இந்த வேறுபாட்டை அறிந்தே வைத்திருக்கிறார். மடியின்மை அதிகாரத்தின் ஐந்தாவது குறள் இது:

நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்
கெடுநீரார் காமக் கலன்.

கெட்டுப்போகும் இயல்புடையவர்கள் விரும்பி ஏறும் கப்பல் என்று நான்கைச் சொல்கிறார். மறவி மறதி, மடி சோம்பல், துயில் தூக்கம். முதலில் நிற்பது ‘நெடுநீர்’. இங்கே நீர் தண்ணீர் அல்ல, தன்மை. ‘கெடுநீரார்’ என்பதில் இருக்கும் அதே நீர். விரைந்து செய்ய வேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பு என்று பரிமேலழகர் உரை இதை விளக்குகிறது. சோம்பல் வேறு, நீட்டிப்பு வேறு என்று எண்ணித்தானே நான்காகப் பிரித்திருக்கிறார்! தமிழ்ப்பள்ளியில் ‘செய்யுளும் மொழியணியும்’ படித்து வந்த பிள்ளைகளுக்குச் ‘சோம்பித் திரியேல்’ மனப்பாடம். ‘நெடுநீர்’ அந்த அளவுக்குக் காதில் விழுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

சரி, இன்றைக்குப் புழங்கும் சொற்களில் எது பொருந்தும்?

‘தாமதம்’ போதாது. பேருந்தும் தாமதமாக வரும், மழையாலும் தாமதமாகும். அதில் ஒருவரின் எண்ணம் என்று ஒன்றும் கிடையாது. ‘ஒத்திவைப்பு’ கூட்டத்துக்கும் நீதிமன்ற வழக்குக்கும் உரியது. அங்கே ஒரு முடிவும் பெரும்பாலும் ஒரு புதிய தேதியும் இருக்கும். ‘ஆறப்போடுதல்’ நல்ல பேச்சு வழக்குதான், ஆனால் கோபத்தையும் பிரச்சினையையும் வேண்டுமென்றே ஆறப்போடுவதும் உண்டே. ‘தள்ளிப்போடுதல்’ என்பதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். காரணம் அதன் கடைசியில் இருக்கும் ‘போடு’.

தமிழில் துணைவினைகள் நுட்பமானவை. ‘வை’ சேர்ந்தால் பின்னால் பயன்படட்டும் என்று செய்தது தெரியும்: படித்து வை, சொல்லி வை, எடுத்து வை. ‘போடு’ சேர்ந்தால் பல இடங்களில் ஓர் அலட்சியம் தெரியும், கையைவிட்டு எறிந்தது தெரியும்: உடைத்துப்போட்டார்கள், அப்படியே விட்டுப்போட்டான். ‘தள்ளிவைத்தேன்’ என்பவரிடம் எப்போது செய்வாய் என்று கேட்டால் பதில் இருக்கும். ‘தள்ளிப்போட்டேன்’ என்பவரிடம் இருக்காது. கள ஆய்வு செய்யும் மாணவர், வினாநிரல் (கேள்வித்தாள்) பாரங்கள் எல்லாம் திரும்பி வரட்டும் என்று பகுப்பாய்வை அடுத்த மாதத்துக்கு மாற்றினால் அது தள்ளிவைத்தல். பாரங்கள் வந்து மேசையில் கிடக்கும்போதும் தொடாமல் இருந்தால் தள்ளிப்போடுதல்.

நம் ஊரில் மலாய் மொழியும் ஏறக்குறைய இதே பிரிவைக் காட்டுகிறது. நிகழ்ச்சி வேறு தேதிக்கு மாறினால் அறிவிப்பில் ‘டிதங்கோகான்’ என்று இருக்கும். வேலையை இழுத்துக்கொண்டே போகும் பழக்கத்துக்கு ‘பெர்தங்கோ’ என்பார்கள். வேர் ஒன்றுதான், ஒட்டுகள் வேறு.

பழந்தமிழுக்கு ஒரு நடை போய் வந்தால் இன்னொன்றும் கிடைக்கிறது. ‘தூங்கு’ என்றால் இன்று உறக்கம். அதன் பழைய பொருள் தொங்குவது. கூட்டைத் தொங்கவிடும் தூங்கணாங்குருவியின் பெயரில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதே சொல்லைக் காலம் நீட்டிப்பதற்கும் சொன்னார்கள். ‘தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க தூங்காது செய்யும் வினை’ என்ற குறளில் (672) உறக்கமே இல்லை. பொறுத்துச் செய்ய வேண்டியதைப் பொறுத்தே செய், பொறுக்காமல் செய்ய வேண்டியதில் காலம் கடத்தாதே என்பதுதான் பொருள். எல்லாத் தாமதமும் குற்றமல்ல என்பதும் இதில் அடங்கிவிட்டது. நாட்டை ஆள்பவருக்கு நீங்காமல் இருக்க வேண்டியவை என்று ‘தூங்காமை கல்வி துணிவுடைமை’ மூன்றையும் வள்ளுவர் வேறோர் இடத்தில் (383) வரிசைப்படுத்துகிறார். கல்விக்குப் பக்கத்திலேயே தூங்காமை நிற்கிறது!

‘தாழ்’ என்ற சொல்லுக்கும் இதே கதை. தாழ்குழல் என்றால் தொங்கும் கூந்தல். ‘காலந்தாழ்த்துதல்’ என்பதிலும் அதே தாழ்தான். எடுத்த முடிவு ‘தாழ்ச்சியுள் தங்குதல் தீது’ என்று 671ஆம் குறள் சொல்வதும் இந்தத் தாழ்ச்சியைத்தான். செய்யாத வேலை தொங்குகிறது என்று நம் முன்னோர் பார்த்திருக்கிறார்கள். நாமும் இன்றுவரை “அந்த வேலை தொங்கலில் கிடக்கிறது” என்றுதானே சொல்கிறோம்.

சொல்லைச் சரியாகப் பிடித்தால் வழியும் மாறுகிறது. சோம்பல் என்று நினைத்தால் திட்டுவோம், சுறுசுறுப்பாக இரு என்போம். ஏற்கெனவே அறையைப் பெருக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது உதவாது. உளவியல் ஆய்வாளர்கள் ஃபுஷியா சிரோய், டிமோதி பிக்கில் இருவரும் 2013இல் எழுதிய கட்டுரையில், தள்ளிப்போடுவது அடிப்படையில் மனநிலையைச் சமாளிக்கும் முயற்சி என்கிறார்கள். வேலையை நினைத்தாலே பயமோ சலிப்போ வருகிறது. தள்ளினால் அந்த நிமிடம் நிம்மதி. அந்த நிம்மதிதான் மறுபடி தள்ளச் சொல்கிறது. டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் 1997இல் வெளியிட்ட ஆய்வில் இது மாணவர்களிடமே தெரிந்தது: தள்ளிப்போட்டவர்கள் பருவத் தொடக்கத்தில் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்தார்கள், இறுதியில் மற்றவர்களைவிட அதிகம் வாடினார்கள், மதிப்பெண்ணும் குறைவு.

நம் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவத்துக்கு வழக்கமாக 14 வார விரிவுரை. மூன்றாம் வாரத்தில் தந்த இடுபணியைப் பன்னிரண்டாம் வாரத்தில் கேட்டால், இடையில் இருக்கும் வாரங்கள் தாராளமாகத் தெரியும். தலைப்பு பெரிதாகவும் தெளிவில்லாமலும் இருந்தால் பயமும் பெரிதாக இருக்கும். அதனால் ‘கட்டுரையை எழுத வேண்டும்’ என்று குறித்துவைப்பதில் பயனில்லை. எங்கே, எப்போது, எந்தத் துண்டு என்று எழுத வேண்டும்: ‘புதன்கிழமை இரவு சாப்பிட்டு முடிந்ததும் நூலகத்தில் உட்கார்ந்து முன்னுரையின் முதல் பத்தி.’ உளவியலாளர்கள் பீட்டர் கோல்விட்சர், வெரோனிகா பிராண்ட்ஸ்டேட்டர் இருவரும் ஜெர்மனியில் இதைச் சோதித்தார்கள். கிறிஸ்துமஸ் முந்திய நாளை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்புமாறு மாணவர்களிடம் கேட்டார்கள். எங்கே, எப்போது எழுதுவோம் என்று முன்பே குறித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் செய்து முடித்தார்கள். குறிக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்தான். நம் இலக்கணத்தில் சொன்னால், ‘போடு’ என்பதை ‘வை’ ஆக்கும் வேலை இது.

முதல் தேர்வுக்குப் படிக்காமல் விட்டுவிட்டோமே என்று தன்னையே வறுத்தெடுக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. கனடாவில் முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2010இல் வெளியான ஓர் ஆய்வில், அந்தத் தவறுக்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். இதைப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். வீட்டில் ‘சோம்பேறி’ என்று தினமும் கேட்கும் பிள்ளை தன்னை எப்படி மன்னிக்கும்?

இனி எழுதுபவர்களுக்குச் சில குறிப்புகள். ஒருமுறை தள்ளியதற்குத் ‘தள்ளிப்போட்டேன்’ போதும். பழக்கத்தைச் சொல்ல ‘தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்’ என்று நீட்ட வேண்டும். ஆங்கிலச் சொல்லின் முழுப் பொருளும் அப்போதுதான் வரும். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) தமிழ்க் கட்டுரையிலோ இடுபணியிலோ பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ‘காலந்தாழ்த்துதல்’ நன்றாக இருக்கும். பேச்சில் ‘தள்ளிப்போடறது’ என்றால் யாருக்கும் புரியும். ‘நெடுநீர்’ அழகான சொல், ஆனால் தனியே எழுதினால் இன்றைய வாசகர் கடலையோ ஆற்றையோ நினைப்பார். குறளை மேற்கோள் காட்டும் இடத்தில், பக்கத்தில் ஒரு வரி விளக்கத்தோடு அதை எழுதலாம்.