"வலியே இல்ல சார்"

இந்த சீசனில் இது மூன்றாவது ஆள். ஏ.சி.எல். (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஜவ்வு) ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது மாதம், "ஒரே ஒரு மேட்ச்தான் சார், அதுவும் கோல் கீப்பராத்தான் நின்னேன்" என்று சொல்லிக்கொண்டே நொண்டி வந்து உட்கார்ந்தான். முட்டி பலூன் மாதிரி வீங்கியிருந்தது. குதித்து இறங்கும்போது உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். ஜவ்வு மறுபடி போய்விட்டது என்று தொட்டுப் பார்க்கும் முன்பே எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. (கீப்பருக்குத்தானே தம்பி, எகிறிக் குதித்து ஒற்றைக்காலில் இறங்கும் வேலையே அதிகம்?) ஏன் போனாய் என்று கேட்டால் மூன்று பேரும் சொன்ன பதில் ஒன்றுதான்: வலியே இல்லை.

வலி இல்லைதான், நான் எங்கே மறுத்தேன்? ஆனால் வலி போனதை வைத்து ஜவ்வின் பலத்தைக் கணக்குப் போடாதீர்கள். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக உள்ளே வைத்திருப்பது, தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்த தசைநாண். எடுத்த கணமே அதற்கான ரத்த ஓட்டம் போய்விடுகிறது. பழைய செல்கள் செத்து, புது ரத்தக்குழாய்கள் வளர்ந்து, அது ஜவ்வாக மாறி முடிய ஒரு வருடத்துக்கு மேலேயும் ஆகும். ஆபரேஷன் அன்று இருந்த பலம்கூட இரண்டாம், மூன்றாம் மாதத்தில் அதற்கு இருக்காது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வீக்கம் வடிந்து, வலி நின்று, மாடிப்படி ஏற வருகிறது, "எல்லாம் சரியாயிடுச்சு" என்று வாட்ஸப் ஸ்டேட்டஸும் வருகிறது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே என்பீர்கள். வைத்த ஜவ்வு அறுந்திருக்கிறதா இல்லையா என்று ஸ்கேன் சொல்லும். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது உங்கள் தொடை அந்த முட்டியைத் தாங்குமா என்று சொல்லாது.

அதனால்தான் 9 மாதத்துக்கு முன்னால் மைதானம் வேண்டாம் என்கிறோம். 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 9 மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டியில் மறுபடி அடிபடுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சரி, 9 மாதம் ஆனதும் கிளம்பிவிடலாமா? அதுவும் இல்லை. காலண்டர் பாஸ் ஆனால் போதாது, காலும் பாஸ் ஆக வேண்டும். என்னிடம் வருபவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஆபரேஷன் செய்த ஒற்றைக்காலில் எழுந்திருக்கச் சொல்வேன். கை தானாகப் பிடியைத் தேடும், உடம்பு நல்ல காலின் பக்கம் சாயும், பிறகு அவர்களே சிரித்துவிடுவார்கள். முறையாக அளந்தால் ஆபரேஷன் செய்த காலின் தொடை முன்தசை பலம், மறுகாலின் பலத்தில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். அந்த மறுகாலும் இத்தனை மாதம் சும்மா இருந்து இளைத்திருக்கும் என்பதால் அந்த 90-ஐக்கூட நான் முழுசாக நம்புவதில்லை. ஒற்றைக்காலில் எவ்வளவு தூரம் தாண்டுகிறார்கள் என்று பார்க்கும் சோதனையும் அப்படித்தான். தூரம் சரியாக வந்துவிடும், முட்டி செய்ய வேண்டிய வேலையை இடுப்பும் கணுக்காலும் செய்திருக்கும். இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடிகிறதா என்று முன்னாலிருந்து வீடியோ எடுத்துப் பாருங்கள்.

இப்போதுதான் ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஒன்று: முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள்! சுகமாக இருக்கும், தெரியும். முட்டி அப்படியே மடங்கிப் பழகி, முழுசாக நீட்ட வராமல் போனால், பிறகு அதை மீட்க நாமெல்லாம் மாதக்கணக்கில் அழ வேண்டும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி தொங்கட்டும். ஆபரேஷன் இல்லாமலே சமாளிப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் மாதக்கணக்கான உடற்பயிற்சியிலிருந்து அவர்களுக்கும் விடுதலை கிடையாது.

கோச்சுகளிடம் ஒரு வேண்டுகோள். ஆள் குறைகிறது என்று இந்தப் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். நீங்கள் கூப்பிட்டால் அவர்களுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. பயமாக இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் கிண்டல் செய்யாமல் எங்களிடம் அனுப்புங்கள், அந்தப் பயத்தையும் நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். திரும்பி ஆட வந்த பிறகும், குதித்து இறங்குவதையும் திரும்புவதையும் பழக்கும் 20 நிமிட வார்ம்-அப்பை வாரம் இரண்டு முறையாவது டீம் மொத்தத்துக்கும் செய்யவையுங்கள். மூன்றாவது வாரமே நிறுத்திவிடுவீர்கள், எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.