ஏணைக் கயிறும் எதுகையும்

சம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் திருகோணமலைச் சிவனான கோணேசர்மேல் பாடிய பதிகம் தாலாட்டு அல்ல. ஆனாலும் திருகோணமலையில் ஏணையை, அதாவது கயிற்றில் தொங்கும் துணித் தொட்டிலை, ஆட்டிக்கொண்டே அதை இழுத்துப் பாடினால் பிள்ளை தூங்கிவிடும். பக்தி ஒருபுறம் இருக்கட்டும், பாட்டின் கட்டும் அதற்குத் தோதானது.

முதலில் ஏணை. அது ஓர் ஊசல். ஒரு தடவை போய்வரும் நேரத்தைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளமே. பிள்ளையின் எடை அல்ல. கயிறு கட்டிய கூரை வளையிலிருந்து பிள்ளை கிடக்கும் இடம்வரை 2 மீட்டர் என்றால் சுமார் 2.8 விநாடி. அம்மாவுக்கு அடுப்பில் வேலை இருந்தாலும் ஏணை அவசரப்படாது. பாட்டுத்தான் அதற்கு இணங்க வேண்டும்: போகும்போது ஒரு சீர் (அடியின் ஒரு துண்டு), வரும்போது ஒரு சீர். பதிகத்தின் முதற்பாட்டில் கடைசி அடி இது:

'குரைகட லோதம் நித்திலங் கொழிக்குங்
கோணமா மலையமர்ந் தாரே.'

எண்ணிப் பாருங்கள். நான்கு சீர், அப்புறம் மூன்று. போய்வரும் ஏணைக்கு இரட்டைப்படை வேண்டுமே? எட்டாவது சீரின் இடத்தில் 'தாரே'யை நீட்டலாம், மூச்சும் வாங்கலாம். பாடுகிறவருக்கும் களைப்பு உண்டல்லவா.

இந்தப் பாட்டின் நான்கு அடிகளும் நிரைகழல், வரைகெழு, கரைகெழு, குரைகடல் என்று தொடங்குகின்றன. முதலெழுத்து எல்லாம் குறில், இரண்டாம் எழுத்து எல்லாம் 'ரை'. இதுதான் எதுகை. ஆங்கிலப் பாட்டில் இந்த ஒலியொப்பு பெரும்பாலும் அடியின் கடைசியில் வரும், நமக்கு வாசலிலேயே. புது அடி தொடங்கிவிட்டது என்று காதுக்கு உடனே தெரியும். அடுத்தடுத்த பாட்டுகளின் முடிவிலும் 'கோணமாமலை அமர்ந்தாரே' திரும்பத் திரும்ப வரும். இரு முனையும் எதிர்பார்த்தபடி இருக்க, நடுவில்தான் சொற்கள் மாறுகின்றன.

சொல்லே விளங்காத பிள்ளைக்கு இதெல்லாம் பிடிபடுமா? 2009இல் வெளியான ஆய்வொன்றில், தூங்கும் பச்சைக் குழந்தைகளுக்குத் தாளத்தை ஒலிக்கவிட்டு மூளையின் மின்னலைகளைப் பதிந்தார்கள். தாளத்தின் முதல் தட்டு விடுபட்டபோது மூளை அதைக் கவனித்துவிட்டது. 1996இல் வந்த இன்னோர் ஆய்வில், 8 மாதக் குழந்தைகள் 2 நிமிடம் கேட்ட ஒலித்தொடரிலேயே எந்த அசைக்குப் பின் எந்த அசை வரும் என்று பிடித்துக்கொண்டன.

எதிர்பார்த்த ஒலியே மறுபடி மறுபடி வந்தால் மூளையின் கவனம் மெல்லத் தளரும். புதிது வந்தால் விழித்துக்கொள்ளும். இங்கே ஒரு சிக்கல்: பதிகத்தின் கடைசிப் பாட்டு 'அமர்ந்தாரே' என்று முடியாது, 'பொலிந்தே' என்று முடியும். ஏணை ஆட்டுகிறவர்கள் அதைப் பாடாமல் முதற்பாட்டுக்கே திரும்பிவிடலாம். சம்பந்தர் கோபிக்க மாட்டார்.