"நகை மட்டும்தான் வச்சிருக்கேன்"

"கடன் ஏதும் இருக்கா?" என்று கேட்டால், "கடனெல்லாம் ஒண்ணும் இல்ல சார், நகை மட்டும்தான் வச்சிருக்கேன்" என்கிறார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் காகிதங்களோடு வரும் மாதச் சம்பளக்காரர்களிடம் வருஷா வருஷம் கேட்கிற பதில் இது. கடைசியாக வந்தவருக்கு மாதம் 52,000 சம்பளம், அடகு வைத்த நகையின் பேரில் 4,80,000 பாக்கி. அதை அவர் கடன் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. படித்தவர், நல்ல வேலையில் இருப்பவர். இனியும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நகை உங்களுடையதாக இருக்கலாம், அதன் மேல் வாங்கிய பணம் உங்களுடையது இல்லை. அதற்குத் தினமும் வட்டி ஓடுகிறது. வீட்டுக் கடனையும் வண்டிக் கடனையும் மாதாமாதம் தவணை கட்டச் சொல்லி நினைவூட்டுகிறார்கள். நகைக்கடனில் பெரும்பாலும் வருஷக் கடைசியில்தான் கேட்கிறார்கள். கேட்காததால் இல்லை என்று ஆகிவிடாது.

இதைவிடப் பெரிய தவறான எண்ணம், "மாத்தி வச்சாச்சு, பிரச்சினை முடிஞ்சுது" என்பது. அதாவது, அதே நகையின் பேரில் புதுக் கடன் எழுதிப் பழையதை முடிப்பது. கணக்கைப் பார்ப்போம். 3,00,000 ரூபாய், ஒரு வட்டி, அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம். வருஷம் முடிந்ததும் 36,000 வட்டி சேர்ந்து 3,36,000. கையில் பணம் இல்லாமல் இந்தத் தொகைக்கே மாற்றி வைத்தால் அடுத்த வருஷம் 3,76,320. மூன்றாம் வருஷ முடிவில் 4,21,478. ஒரு பைசா செலவு செய்யாமலே 1,21,000-க்கு மேல் கடன் கூடிவிட்டது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் மதிப்பீட்டுக் கட்டணம் தனி. இதே 3,00,000-க்கு மாதம் ஏறக்குறைய 9,965 ரூபாய் கட்டியிருந்தால், அதே மூன்று வருஷத்தில் கடன் முடிந்து நகை வீட்டுக்கு வந்திருக்கும். வட்டியும் மொத்தம் 59,000-க்குள்தான்.

தங்கம் விலை ஏறும் காலத்தில் இது இன்னும் மோசம். பழைய நகைக்கே இந்த வருஷம் 4,00,000 தருகிறோம் என்கிறார்கள். பழைய அசல் 3,00,000, வட்டி 36,000 போக 64,000 கைக்கு வருகிறது. அதை லாபம் போலச் சொல்லிக்கொண்டு போனும் தவணையில் டிவியும் வாங்குகிறார்கள். அந்த 64,000 தங்கம் கொடுத்த பணமில்லை, புதிதாக வாங்கிய கடன். இனி ஆண்டு வட்டி 36,000 இல்லை, 48,000. சம்பளம் அந்த அளவுக்கு ஏறியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. விலை இறங்கினாலோ நகையின் மதிப்புக்கும் கடனுக்கும் இருக்கிற இடைவெளி சுருங்கி, வித்தியாசத்தைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். கட்ட முடியாத வீட்டில் நகை முழுகிப் போகும். கல்லையும் அரக்கையும் கழித்துத்தான் எடை போடுவார்கள். செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் அங்கே மதிப்பே இல்லை. அதனால் ஏலத்தில் போகும் கல் அட்டிகை கடையில் வாங்கிய விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அசலும் வட்டியும் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி 12 மாதம்தான் காலம். அதற்குப் பிறகு வட்டியைக் கட்டாமல் அதே கடனைத் தள்ளிக்கொண்டே போக வழியில்லை. அந்த வட்டிக்கு வெளியே கைமாத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

நகை வைக்கத்தான் வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரே அடகுச் சீட்டில் வைக்காதீர்கள். 40 கிராமை நான்காகப் பிரித்து நான்கு சீட்டாக வையுங்கள். போனஸ் வந்தால் ஒன்றை மீட்டு வீட்டுக்குக் கொண்டுவரலாம், வட்டி ஓடும் தொகையும் குறையும். ஒரே சீட்டு என்றால் முழுப் பணமும் சேர்கிற வரை வளையல் ஒன்றுகூடக் கைக்கு வராமல் போகலாம். "இடையில் அசலில் பகுதி கட்டலாமா, கட்டினால் வட்டி குறையுமா?" என்று கவுன்டரிலேயே கேளுங்கள். வட்டியை மாதாமாதம் கட்டினால் ஒரு விகிதம், விட்டுவிட்டால் ஏறும் விகிதம் என்று சில இடங்களில் அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். விளம்பரத்தில் போடுவது முதல் அடுக்கை மட்டும். ஏலம் போனாலும் கடன், வட்டி, செலவு போக மிச்சம் உங்களுக்குச் சேர வேண்டியது. அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காரைக்குடிக்காரர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள், கடையின் கணக்கு மேசையான பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதி, இருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று காட்டும் ஐந்தொகை எடுத்துக் கணக்கு முடித்தார்கள். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது சென்னை, ரங்கூனோடு ஒரே நேரத்தில் காரைக்குடியிலும் திறக்கப்பட்டது. அந்த ஊரில் இன்று ஆண்டுக்கு ஏழெட்டு லட்சம் சம்பாதிக்கிற பிள்ளைக்குத் தன் மொத்தக் கடன் எவ்வளவு என்று தெரியவில்லை.

ஆகவே முதல் வேலை, ஒரு தாளில் உங்களுக்கான ஐந்தொகை. யாருக்குத் தர வேண்டும், இன்றைய பாக்கி, ஆண்டு வட்டி, மாதத் தவணை, முடியும் மாதம் என்று ஐந்து கட்டம் போடுங்கள். நகைச் சீட்டு, எடுத்துவிட்டுக் கட்டிக்கொண்டிருக்கும் ஏலச்சீட்டு, மச்சானிடம் வாங்கிய கைமாத்து எல்லாம் வர வேண்டும். மொய் நோட்டையும் எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் வாங்கியதை அவர்கள் வீட்டு விசேஷத்தில் சற்றுக் கூட்டித் திருப்புவதுதான் ஊர் வழக்கம். அதுவும் கடன்தான்.

வட்டியை ஒரே அளவையில் எழுதாவிட்டால் தாளால் பயனில்லை. ரெண்டு வட்டி என்றால் 24 சதவீதம், மூணு வட்டி 36. தண்டலில் 10,000 எழுதி 9,000 கையில் கொடுத்து நாளுக்கு 100 வீதம் 100 நாள் வாங்கினால், அது ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. கடைக்காரர் "வட்டி 12 சதவீதம்தான்" என்று சொல்லி, முதல் நாள் அசலுக்கே கடைசி வரை வட்டி போட்டால், லட்ச ரூபாய்க்கு 12 மாதம் 9,333 கட்டுவீர்கள். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் அது 21 சதவீதத்துக்கு மேல். "ஃபிளாட்டா, குறையும் அசலா?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இதைப் பாருங்கள். பாக்கி 50,000, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் வட்டி 1,750, அதற்கு ஜிஎஸ்டி 315. குறைந்தபட்சம் 5 சதவீதம் என்று 2,500 கட்டினால் அசலில் குறைவது 435 ரூபாய். பாக்கி நிற்கிற வரை புதிதாகத் தேய்ப்பதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

தாள் தயாரானால் வரிசை தானே தெரியும். எல்லாவற்றுக்கும் உரிய தவணையைக் கட்டிவிட்டு, மிச்சத்தை முழுக்க வட்டி அதிகமான ஒன்றின் மேல் போடுங்கள். அது முடிந்ததும் அந்தத் தொகையை அடுத்ததற்கு. எல்லாம் முடிந்த பிறகும் மாதத் தொகையை நிறுத்தாதீர்கள், அப்படியே தொடர் வைப்புக்குத் திருப்புங்கள்.

பலர் மறுபடி அடகுக்கடைப் படி ஏறுவது ஆஸ்பத்திரிச் செலவுக்காக மட்டும் இல்லை, வரும் என்று முன்பே தெரிந்த செலவுகளுக்காகத்தான். ஜூனில் பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டும் புள்ளி வரி, கொப்புடையம்மன் திருவிழாவுக்கு வரும் விருந்தாளிகள், தீபாவளிச் சீர், பொங்கல் சீர். போன வருஷம் இவற்றுக்கு ஆன தொகையைக் கூட்டிப் பன்னிரண்டால் வகுங்கள். 96,000 என்றால் மாதம் 8,000. சம்பளம் கணக்கில் ஏறிய மறுநாளே இந்தத் தொகை வேறொரு சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கணக்கில் கூகுள் பேவை இணைக்காதீர்கள். மூன்று மாத வீட்டுச் செலவுக்கான பணம் இன்னொரு இடத்தில் வைப்புநிதியாக இருக்கட்டும். "அவசரத்துக்குத்தான் நகை இருக்கே" என்று இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். மேலே சொன்ன சுற்று அங்கேதான் தொடங்குகிறது.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "பேருக்கு ஒரு கையெழுத்துதான்" என்று நண்பர் சொல்வார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். கடன் கொடுத்தவர் அவரை விட்டுவிட்டு நேராக உங்களிடமே வரலாம். அந்தத் தொகையை உங்கள் கையிலிருந்து கட்ட முடியாது என்றால் மறுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, அம்மா நகையையோ மனைவி நகையையோ உங்கள் பெயரில் வைத்திருந்தால், எந்த நகை, எத்தனை கிராம், எந்தக் கிளை, எந்தத் தேதிக்குள் மீட்க வேண்டும் என்று அவர்களிடம் எழுதிக் கொடுங்கள். சீட்டுகளைப் போனில் படமெடுத்து அவர்களுக்கும் அனுப்புங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கிறவர்கள் இதை இந்த வாரமே செய்துவிடுங்கள். ஏல அறிவிப்பு ஊரில் இருக்கும் வீட்டு முகவரிக்குத்தான் வரும். வாங்கிப் படிக்கிறவருக்கு அது எந்தச் சீட்டு என்று தெரிந்திருக்க வேண்டும்.