ராத்திரி இல்லாத வெள்ளி காலையில் எங்கிருந்து வந்தது?

மிக்-21 விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப்படையிடமிருந்து விடைபெற்றன. 1963-இல் வந்தவை. 62 வருட உழைப்பு. அந்த நிகழ்ச்சியை டிவியில் பார்த்துவிட்டு, அதே விமானத்தின் 1/72 அளவு மாடலை வாங்கிச் செய்யத் தொடங்கியிருக்கிறார் ஒரு வாசகர். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை வெறும் 10 செ.மீ. இருக்கும் சின்ன விமானம் அது. அதன் எண்களையும் சின்னங்களையும் டெக்கால் என்ற மெல்லிய ஒட்டுப்படங்களாக ஒட்ட வேண்டும். அவர் எழுதியது இது:

“சாம்பல் பெயின்ட் அடித்து, டெக்காலைத் தண்ணீரில் நனைத்து ஒட்டினேன். ராத்திரி பார்த்தபோது பெயின்ட்டால் எழுதியது போலவே இருந்தது. காலையில் எழுந்து பார்த்தால் எண்களைச் சுற்றி வெள்ளி பூசின மாதிரி பளபளக்கிறது. இன்னொரு செட் வாங்கி ஒட்டினேன், அதுவும் அப்படியே. எனக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிடலாமா?”

விட வேண்டாம். கைராசி என்று ஒன்று கிடையாது. அந்தச் சொல்லை நம்பிப் பாதியில் நிறுத்திய எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். தையலை விட்டவர்கள், செடி வளர்ப்பதை விட்டவர்கள், சமையலறைப் பக்கமே போகாமல் இருந்துவிட்டவர்கள். ஒரு தடவை தவறியதற்குக் காரணம் தேடாமல் செய்துவிடுகிற சொல் அது. இந்த வாசகரின் கடிதத்திலேயே விடை இருக்கிறது: ராத்திரி ஈரம், காலையில் காய்ந்துவிட்டது.

முதலில் டெக்கால் எப்படிக் கழன்று வருகிறது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். அடியில் தண்ணீரை உறிஞ்சும் காகிதம். அதன் மேல் டெக்ஸ்ட்ரின் என்ற பசை. அதன் மேல் தலைமுடியைவிட மெல்லிய, நிறமற்ற வார்னிஷ் படலம். அதன் மேல்தான் மை. டெக்ஸ்ட்ரின் வேறொன்றுமில்லை, நம் கஞ்சி மாவுதான். மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெப்பத்தாலும் அமிலத்தாலும் துண்டு துண்டாக உடைத்தால் தண்ணீரில் சட்டென்று கரையும் பசை கிடைக்கிறது. பழைய கவர்களின் மடிப்பை நாக்கால் தடவும்போது லேசாக இனித்ததே, அதே சரக்கு.

டெக்காலை வெட்டித் தண்ணீரில் போட்டதும் அது படத்தை உள்ளே வைத்துப் பாய் போலச் சுருண்டுகொள்ளும். புதிதாகச் செய்கிறவர்கள் இதைப் பார்த்துப் பதறி விரலால் நிமிர்த்துவார்கள். செய்யக் கூடாது. வார்னிஷ் பக்கம் தண்ணீர் நுழையாது, காகிதத்தின் முதுகு வழியாகத்தான் நுழையும். நனைந்த நார்கள் உப்புகின்றன, நனையாத பக்கம் பின்தங்குகிறது, அதனால் சுருள்கிறது. சில நொடிகளில் ஈரம் முழுக்கப் பரவியதும் தானாகவே நிமிர்ந்துவிடும். வெளியே எடுத்து ஒரு நிமிடம் வைத்தால் பசை கரைந்து, படம் விரல் தள்ளினால் வழுக்கும் நிலைக்கு வரும். அப்புறம் மாடலின் மேல் நகர்த்தி, இடம் பார்த்து, ஓரத்தில் டிஷ்யூ காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டியதுதான்.

சரி, வெள்ளி எங்கிருந்து வருகிறது?

பஜ்ஜி கட்டிக் கொடுத்த காகிதத்தை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி போல ஆகி, அடியில் வைத்த விரல்கூடத் தெரியும். எண்ணெய் காகிதத்தைக் கரைத்துவிடவில்லை. நார்களுக்கு நடுவே இருந்த காற்றை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். காகிதம் வெண்மையாகத் தெரிவதே நாருக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள ஆயிரக்கணக்கான எல்லைகளில் ஒளி மோதிச் சிதறுவதால்தான். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்வது அதன் ஒளிவிலகல் எண். அது மாறும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி கொஞ்சம் திரும்பி வரும். இரண்டு பக்க எண்களின் வித்தியாசம் எவ்வளவு பெரிதோ, திரும்பி வருவதும் அவ்வளவு அதிகம்.

டெக்கால் படலத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5. பெயின்ட்டின் பிசினுக்கும் கிட்டத்தட்ட அதேதான். காற்றுக்கு 1. நேராக விழும் ஒளியில் இந்த 1.5-க்கும் 1-க்கும் நடுவிலான எல்லை 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். படலம் பெயின்ட்டோடு ஒன்றிப் படிந்திருந்தால், மேல்புறத்தில் மட்டும் ஒரு 4 சதவீதம். அடியில் மெல்லிய காற்று அடுக்கு மாட்டிக்கொண்டால், படலத்திலிருந்து காற்றுக்கு ஒரு 4, காற்றிலிருந்து பெயின்ட்டுக்கு இன்னொரு 4. திரும்பி வரும் ஒளி மூன்று மடங்காகிவிடுகிறது. அடர்ந்த சாம்பல் நிறத்தின் மேல் அந்தக் கூடுதல் ஒளி பளிச்சென்று தெரியத்தான் செய்யும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். ராத்திரி அந்த இடத்தில் காற்று இல்லை, தண்ணீர் இருந்தது. தண்ணீரின் எண் 1.33. படலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவிலான எல்லை திருப்பி அனுப்புவது அரை சதவீதம்கூட இல்லை. அதனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. படலம் அப்போதும் பெயின்ட்டோடு சேரவில்லை. சேராததைத் தண்ணீர் மறைத்துக்கொண்டிருந்தது. விடிவதற்குள் தண்ணீர் ஆவியாகி, அந்தப் பள்ளங்களில் காற்று குடியேறியதும் உண்மை வெளிப்பட்டது. நனைந்த வேட்டி உடம்பைக் காட்டுவதும், காய்ந்ததும் மறுபடி வெண்மையாவதும் இதே கணக்கில்தான்.

குளத்தில் தாமரை இலையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்திருக்கிறீர்களா? பச்சை இலை சட்டென்று வெள்ளித் தகடாக மாறும். வெளியே எடுத்தால் மறுபடி பச்சை, ஒரு சொட்டுகூட நனைந்திருக்காது. சின்ன வயதில் கை விரல்கள் ஊறி வெளுக்கும்வரை இதையே செய்துகொண்டிருந்திருக்கிறேன். இலையின் நுண்ணிய முகடுகளுக்கு நடுவே பிடிபட்ட காற்றுதான் அந்த வெள்ளி. சாய்வாகப் பார்க்கும்போது ஒளி முழுக்கத் திரும்பி வருவதால் (முழு அக எதிரொளிப்பு) அங்கே பளபளப்பு இன்னும் பல மடங்கு. மாடல் விமானத்தின் மேல் மாட்டிக்கொண்டதும் இதே காற்றுதான்.

வட்டச் சின்னத்தில் (வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை) வெள்ளி தெரியாமல், எண்களைச் சுற்றி மட்டும் தெரிவதும் இதனால்தான். சின்னத்தின் மை ஒளியை ஊடுருவ விடாது. எழுத்துகளுக்கு இடையில் இருப்பதோ வெறும் நிறமற்ற படலம்.

அந்தக் காற்று ஏன் அங்கே இடம் பிடித்தது? பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டின் பரப்பு நமக்குத்தான் வழவழப்பு. நுண்ணோக்கியில் பார்த்தால் நிறமித் துகள்கள் துருத்திக்கொண்டிருக்கும் மேடும் பள்ளமும். டெக்காலைக் கீழே இழுக்கும் வேலையைச் செய்வது அடியிலுள்ள தண்ணீர்ப் படலம். அதன் ஓரம் உட்பக்கமாக வளைந்திருப்பதால் உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று டெக்காலை மேலிருந்து அமுக்குகிறது. தூய நீருக்குக் கணக்குப் போட்டால், இடைவெளி 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும்போது இந்த இழுப்பு வளிமண்டல அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு. தண்ணீர் காயக் காய இடைவெளி குறையும், இழுப்பு கூடும். ஒரு மைக்ரானுக்கு வந்தால் ஒரு வளிமண்டலத்தையே தாண்டிவிடும். வழவழப்பான பரப்பில் இப்படியே நெருங்கி நெருங்கிப் படலம் பெயின்ட்டைத் தொட்டுவிடுகிறது, மிச்சமிருக்கும் டெக்ஸ்ட்ரின் ஒட்டிக்கொள்கிறது. மேட் பரப்பில் படலம் முகடுகளின் மேலேயே நின்றுவிடும். அவ்வளவு குட்டிப் பள்ளத்துக்குள் வளைந்து இறங்க அதற்கு நெகிழ்வு போதாது.

தண்ணீரின் மேற்பரப்பை இப்படி இழுத்துப் பிடிக்கும் விசைக்குப் பரப்பு இழுவிசை என்று பெயர். அதை முதலில் துல்லியமாக அளந்தவர்களில் ஒருவர், ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் வீட்டு வேலைகளைக் கவனித்துக்கொண்டிருந்த ஆக்னஸ் பொக்கெல்ஸ். பாத்திரம் கழுவும் தண்ணீரில் தொடங்கிய ஆர்வம். பல்கலைக்கழகப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. தாமே ஒரு கருவி செய்து அளந்தவற்றை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார். 1891-இல் அது வெளிவந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்தக் கதையை அடிக்கடி படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ராக்கெட்டுக்குப் பணம் கொடுப்பது சரிதான், நானும் கைதட்டுகிறேன். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் ஏன் அப்படி வளைகிறது என்று கேட்கும் மாணவிக்கும் ஒரு மேசை, ஒரு தராசு, இரண்டு வருட உதவித்தொகை வேண்டும்.

விமானத்துக்குத் திரும்புவோம். அடுத்த தடவை, டெக்கால் ஒட்டும் முன் பெயின்ட்டின் மேல் பளபளப்பான கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) அடித்து நன்றாகக் காயவிடுங்கள். அது பள்ளங்களை நிரப்பிவிடும். எல்லாம் முடிந்ததும் மேலே மேட் கிளியர் அடித்தால் நிறம் பழையபடி மங்கலாகிவிடும், டெக்காலின் விளிம்பும் மறையும்.

கடையில் விற்கும் டெக்கால் சாஃப்ட்னர் திரவத்தையும் வாங்கி வையுங்கள். அதிலுள்ள கரைப்பான் படலத்துக்குள் நுழைந்து அதைத் துவளச் செய்யும். திறந்து வைத்த டப்பாவில் அப்பளம் நமுத்துப் போகிறதே, அதேதான்: ஈரத்தின் மூலக்கூறுகள் மாவுச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை ஒன்றின் மேல் ஒன்று வழுக்க விடுகின்றன. தடவியதும் டெக்கால் உப்பி, பயங்கரமாகச் சுருக்கம் விழும். தொடவே தொடாதீர்கள், அந்த நேரத்தில் அது ஈரமான பால் ஆடையைப் போல இருக்கும். கரைப்பான் ஆவியாகும்போது தானே இழுபட்டுப் படிந்து, விமானத்தின் உடம்பிலுள்ள கோடுகளுக்குள்ளும் இறங்கிவிடும்.

இப்போது ஒட்டியிருப்பதையும் பிய்த்து எறிய வேண்டாம். மெல்லிய ஊசியால் வெள்ளி தெரியும் இடத்தில் நாலைந்து துளை போட்டு, அதன் மேல் பிரஷ்ஷால் ஒரு சொட்டு சாஃப்ட்னர் வையுங்கள். விளக்கைச் சாய்வாக வைத்துக் கிட்டத்தில் பாருங்கள். ஊசித் துளையைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் இருளும், அது மெல்ல அகன்று அடுத்த துளையின் வட்டத்தோடு சேரும். காய்ந்த பிறகு மிச்சம் தெரிந்தால் இன்னொரு சொட்டு. மூன்றாவது சொட்டில் என்னுடையது மறைந்தது.