தண்ணீரைத் தள்ளி நிறுத்தினால் நைலான்

நைலான் 66-க்கு வேண்டிய இரண்டு மூலப்பொருள்களில் ஒன்று ஹெக்சாமெத்திலீன் டையமின். அதற்கு முந்தைய படி அடிப்போநைட்ரைல். ஆறு கார்பன் கொண்ட சங்கிலி, இரண்டு முனையிலும் நைட்ரைல், அதாவது நைட்ரஜனோடு மூன்று பிணைப்பால் சேர்ந்த கார்பன். புரோப்பிலீனிலிருந்து மலிவாகக் கிடைக்கும் அக்ரைலோநைட்ரைலில் மூன்று கார்பன் இருக்கிறது. இரண்டு மூலக்கூறுகளை வாலோடு வால் சேர்த்து, இரண்டு எலெக்ட்ரானும் இரண்டு புரோட்டானும் கொடுத்தால் அடிப்போநைட்ரைல் தயார். இந்த இணைப்பை மின்சாரத்தால் நடத்திக் காட்டியவர் மான்சான்டோ நிறுவனத்தின் மானுவல் பைசர். 1965-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டிகேட்டரில் ஆலை ஓடத் தொடங்கியது. கரிம வேதியியலில் மின்வழித் தொகுப்பு என்றால் இன்றும் முதலில் சொல்லப்படுவது இதுதான்.

கேட்க எளிது. சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. கரைசலில் மின்சாரம் ஓட உப்பு வேண்டும், உப்பு கரையத் தண்ணீர் வேண்டும். ஆனால் எதிர்மின் தகடான கேதோடில் எலெக்ட்ரான் கொடுத்தால் தண்ணீரே முந்திக்கொண்டு ஹைட்ரஜனாகப் போகப் பார்க்கும். அதனால்தான் கேதோடுக்கு ஈயம், காட்மியம் போன்ற, ஹைட்ரஜன் எளிதில் உருவாகாத உலோகம்.

அதுமட்டும் போதாது. எலெக்ட்ரான் வாங்கிய அக்ரைலோநைட்ரைல், பக்கத்தில் இன்னொரு அக்ரைலோநைட்ரைலைத் தேடுகிறது. துணை கிடைப்பதற்கு முன் புரோட்டான் வந்து ஒட்டிக்கொண்டால், ஜோடி சேராமல் புரோப்பியோநைட்ரைல் என்ற வேண்டாத பொருளாகிவிடும். மாறாக, புரோட்டான் ரொம்பவே தாமதமானால் மூன்றாவது மூலக்கூறும் வந்து சேர்ந்து சங்கிலி நீளும். ஆக, புரோட்டான் வர வேண்டும், கொஞ்சம் பிந்தி வர வேண்டும்.

பைசரின் உண்மையான கண்டுபிடிப்பு இந்தத் தாமதத்தை ஏற்படுத்தியதுதான். டெட்ராஎத்தில் அம்மோனியம் போன்ற குவாட்டர்னரி அம்மோனியம் உப்பை, அதாவது நைட்ரஜனைச் சுற்றி நான்கு கார்பன் கைகள் கொண்ட உப்பைக் கரைசலில் சேர்த்தார். நேர்மின் கொண்ட அந்த அயனிகள் கேதோடில் போய் ஒட்டிக்கொள்கின்றன. வெளியே நீட்டியிருக்கும் அவற்றின் எண்ணெய்த்தன்மை கொண்ட கைகள் தண்ணீரை விலக்கிவிட, அக்ரைலோநைட்ரைலுக்கு இடம் கிடைக்கிறது. கேதோடை ஒட்டிய அந்த மெல்லிய அடுக்கு மட்டும் நனையாமல் இருந்தால் போதும், தொட்டி முழுக்கத் தண்ணீர் இருக்கலாம். முதலில் இந்த உப்பைக் கரைசலின் பெரும் பங்காகவே ஊற்றினார்கள். மேற்பரப்பை மூடும் அளவு இருந்தாலே வேலை நடக்கும் என்பது பிறகு புரிந்தது. இன்று ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இனி கணக்கு. ஒரு மோல் அடிப்போநைட்ரைல் 108 கிராம், அதற்கு இரண்டு மோல் எலெக்ட்ரான், அதாவது 53.6 ஆம்பியர்-மணி. ஒரு கிலோவுக்குச் சுமார் 496. சதுர மீட்டருக்கு 2,000 ஆம்பியர் விட்டால், ஒரு சதுர மீட்டர் தகடு மணிக்கு நான்கு கிலோ தரும், அதுவும் ஓர் எலெக்ட்ரான்கூட வீணாகாவிட்டால். 90 சதவீதம் பயன்பட்டால் 3.6 கிலோ.

ஆம்பியரைக் குறைக்க வழியில்லை. செலுத்திய மின்னோட்டத்தின் அளவுக்கே பொருள் விளையும், அது ஃபாரடே விதி. மின்கட்டணம் குறைய வோல்ட்டில்தான் கைவைக்க வேண்டும். மின்சாரம் பாயும் தொட்டியைக் கலம் என்பார்கள். முதல் கலத்தில் கேதோடு அறையையும், நேர்மின் தகடான ஆனோடின் அறையையும் ஒரு சவ்வு பிரித்தது. சவ்வின் மின்தடையும் கரைசலின் மின்தடையும் சேர்ந்து கலத்துக்கு 11 வோல்ட்டுக்கு மேல் கேட்டன. கிலோவுக்கு ஆறு யூனிட்டைத் தாண்டியது. பிற்பாடு சவ்வையே எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் காட்மியம் பூசிய எஃகுத் தகடுகள் வரிசையாக, நடுவே இரண்டு மில்லிமீட்டர் அளவு இடைவெளி. ஒவ்வொரு தகட்டிலும் காட்மியப் பக்கம் கேதோடு, வெறும் எஃகுப் பக்கம் ஆனோடு. இடுக்கில் சோடியம் பாஸ்பேட் கரைசலும் அக்ரைலோநைட்ரைலும் பால்போல் கலந்து, சுமார் 50 டிகிரி சூட்டில் வேகமாகப் பாய்கின்றன. இப்போது ஏறக்குறைய 4 வோல்ட்.

சவ்வு போனதும் புதுத் தொல்லை வந்தது. எஃகு ஆனோடு மெல்ல அரிக்கும். கரைந்த இரும்பு எதிரேயுள்ள காட்மியத்தில் போய்ப் படியும். இரும்பு படிந்த இடத்தில் ஹைட்ரஜன் தாராளமாகக் கிளம்பும். ஆகவே அரிப்பைக் குறைக்க போராக்ஸ், கரைந்த இரும்பைப் பிடித்துவைக்க இடிடிஏ. பாஸ்பேட்டுக்கும் மின்சாரத்தைக் கடத்துவதோடு இன்னொரு வேலை உண்டு. கேதோடருகே புரோட்டான் செலவாகச் செலவாகக் காரம் ஏறும். காரம் மிஞ்சினால் அக்ரைலோநைட்ரைல் தண்ணீரோடு சேர்ந்து ஈத்தராகிப் பாழாகும். பாஸ்பேட் அந்த ஏற்றத்தைத் தாங்கிக்கொள்கிறது. பிஎச் 8.5-ஐ ஒட்டி நிற்க வேண்டும். கீழே இறங்கினால் எஃகு அரிப்பு கூடும்.

கலத்திலிருந்து வெளிவரும் கலவையைத் தேங்கவிட்டால் எண்ணெய் அடுக்கு தனியாகப் பிரியும். 77 டிகிரியில் கொதிக்கும் அக்ரைலோநைட்ரைல் முதலில் ஆவியாகி மறுபடி கலத்துக்குப் போகும். அடிப்போநைட்ரைலின் கொதிநிலை 295 டிகிரி என்பதால் அதை வெற்றிடத்தில்தான் வடிக்கிறார்கள்.

கலத்தின் உடல்நலம் தெரிய வெளியேறும் வாயுவைப் பார்த்தால் போதும். ஆனோடிலிருந்து ஆக்சிஜன் வருவது இயல்பு. அதில் ஹைட்ரஜன் ஏறத் தொடங்கினால் காட்மியம் அழுக்காகிவிட்டது என்று பொருள். விளைச்சல் குறைவது சிறிய கவலை. அக்ரைலோநைட்ரைல் ஆவியும் கலந்த அந்த வாயு ஒரு தீப்பொறியில் வெடிக்கும்.